செக்ரோலில் பேர் இல்லாத பிள்ளை

ஜூன் 4, புதன்

மழை இல்லை, காற்று மட்டும். பிள்ளைக் காம்பராவின் பின்பக்கத் தகரம் எழும்பி எழும்பி அடிக்கிறது. தோட்டத்து ஆபிசில் சொல்லி எத்தனையோ நாள். ஆணி அடிக்க ஆள் இல்லையாம். நானே ஏணி போட்டு ஏறி இரண்டு கல் தூக்கி வைத்தேன். கீழே நின்ற வாண்டுகள் கை தட்டின, தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போகிறதுகள்.

இது போன வருட டயரி. பசறை பலசரக்குக் கடைக்கார நானா கொடுத்தது. கிழமை பொருந்தாது. அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

குட்டி யாழினிக்குச் சளி. எனக்குக் கடைவாய்ப் பல். கிராம்பு வைத்துப் பார்த்தேன், நாக்குதான் எரிந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்க வேண்டும். எப்போது?

கன்று வளர்க்கும் தவறணைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காகத்தான். தேயிலைக் கன்றெல்லாம் இந்தக் காற்றில் வாடிக் கிடக்கிறது. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, மனேஜர் தொரை சத்தம் போட்டாராம்.

பகல் தேத்தண்ணிக்குள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். சரவணன். லெட்சுமியின் மூத்தவன். ஃபெக்டரியில் வேலை, இருபத்தொரு வயசு. டவுனில் பிடித்த கூட்டாளி ஒருத்தனோடு சேர்ந்து செய்திருக்கிறான். மாட்டு மூளை.

ஜூன் 5, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சரவணன் செம்பைச் சாக்கில் கட்டித் தம்பி தலையில் ஏற்றி விட்டிருக்கிறான். தம்பி நிசாந்தன், பதினைந்து வயசு. நேற்றுப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பசறையில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பள்ளிக்கூட உடுப்போடு. கடைக்காரர் தன் தலை தப்பினால் போதும் என்று தோட்டத்து ஆபிசுக்குப் போன் போட்டு, வெள்ளைச் சட்டை போட்ட பையன் என்று சொல்லிவிட்டார்.

காலையில் கோயிலடியில் கூடிப் பேசியிருக்கிறார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் பெருமாள், சரவணன், இன்னும் நாலைந்து பெரிய மனிதர்கள். நான் அப்போது பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். முடிவு என்னவென்றால், நிசா மட்டும் போய், கழற்றியதும் நான்தான், விற்றதும் நான்தான் என்று தொரையிடம் சொல்வது.

கேட்டதும் பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஆபிஸ் ரோட்டில் தலைவரை மறித்தேன்.

"பெருமாளண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா? புள்ள அத தொடவேயில்ல."

"சின்னப் பயதானே டீச்சர். அவனுக்கு என்ன பேரா இருக்கு வெட்டுறதுக்கு? தொரை ரெண்டு சத்தம் போடுவாரு, தோப்புக்கரணம் போடச் சொல்லுவாரு, முடிஞ்சிரும். சரவணன் போனா பேர வெட்டிருவாங்க. அப்பறம் அந்த வீடு?"

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவும் முடியவில்லை. தோட்டத்தில் எப்போதும் இப்படித்தான். விறகுக்கு மரம் வெட்டினாலும், ஆடு போய்க் கன்றை மேய்ந்தாலும், ஆபிசில் போய் நிற்பது வீட்டில் சின்னது. பெரியவன் போனால், ஆபிசில் வேலையாட்கள் பேர் எழுதி வைத்திருக்கும் செக்ரோலில் பேர் போகும். பேர் போனால் வேலை போச்சு, வேலை போனால் லயத்து வீடு போச்சு. சின்னதுக்கு செக்ரோலில் பேரே இல்லை. எதை வெட்டுவார்கள்? முன்பு ஒரு தொரை, அழுதுகொண்டு நின்ற பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்து அனுப்பினார். அந்த பிஸ்கட்டை நம்பித்தான் இவர்கள் இன்னும் பிழைப்பு நடத்துகிறார்கள்.

லெட்சுமி குவைத்தில் வீட்டு வேலையில். புருஷன் செத்து வருடக் கணக்காகிறது. அந்த வீட்டில் செக்ரோலில் இருக்கும் ஒரே பேர் சரவணனுடையது. அதுவும் உண்மைதான்.

நிசா தலைவருக்குப் பின்னால் நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "சும்மா இருங்க டீச்சர். இப்ப வந்துருவேன். மெட்ச் இருக்கு."

ஆபிஸ் வராந்தாவில் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னான். "தெரியாம செஞ்சிட்டேங்க தொரை. மன்னிச்சுக்கங்க." காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணமும் போட்டான், யாரும் கேட்காமலே. இந்தத் தொரை புதுசு. சின்ன வயசு. தோப்புக்கரணம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவரைப் பார்த்து, கம்பனி என்னைக் கேட்கும், நான் பதில் சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். பொலிஸ் ஜீப் வந்தது.

ஏறும்போதுகூட நிசா தலைவரைத்தான் திரும்பிப் பார்த்தான், அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பது போல.

பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. மறுபடி காய்ச்சினேன்.

ஜூன் 6, வெள்ளி

பதுளை கோர்ட்டில் நிறுத்தினார்கள். தலைவர்தான் போனார். மாலை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். அவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை.

பிள்ளையைப் பொறுப்பெடுக்க இரத்த உறவில் ஆள் வரவில்லையா என்று நீதவான் கேட்டாராம். தலைவர் எழும்பி நின்றாராம். தொழிற்சங்கத் தலைவர் உறவு இல்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். சரவணன் போகவில்லை. பொலிசைக் கண்டால் பயமாம். தம்பியை அனுப்பும்போது அந்தப் பயம் எங்கே போயிற்று?

18ஆம் திகதி வரை சிறுவர் தடுப்பு வீட்டில். அன்றைக்கு அண்ணன் வந்து கையெழுத்து வைத்தால் வீட்டுக்கு விடுவார்கள் போல. கோர்ட்டில் யாரோ சொன்னதாகத் தலைவர் சொன்னார்.

"இப்பிடி ஆகும்னு யாரு டீச்சர் நெனச்சா?"

யாரும் நினைக்கவில்லை. அதுதானே.

ஜூன் 8, ஞாயிறு

துணி ஊற வைத்தது. அரிசி புடைத்தது. பல் வலி இடது காதுவரை.

லெட்சுமி குவைத்திலிருந்து போன் போட்டாள். படம் தெரிகிற போன். யாருடையதோ குளியலறையில் நின்று பேசுகிறாள், மெடத்துக்குத் தெரியாமல். அழுகை மட்டும்தான் வந்தது முதலில்.

"டீச்சர், நாலு மாசத்துல ஒங்க கையில குடுத்துட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவ நான். நீங்கதான் வளத்தீங்க. இப்பயும் நீங்கதான் பாத்துக்கணும்."

"நீ வர ஏலாதா?"

"பாஸ்போர்ட்டு மெடத்துக்கிட்ட இருக்கு. கேட்டா அடிப்பா."

யார் செய்தது என்று அவளுக்கும் தெரியும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூத்தவனும் அவள் பெற்றதுதானே.

நிசா காம்பராவுக்கு வந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. என் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவான். எழும்பி நடக்கவும் முடியாது, உருவவும் முடியாது. மற்றப் பிள்ளைகள் அழும், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாலாட்டுவேன். இப்போது அவனுக்கு என்னைவிட உயரம். குரல் உடைந்து ஆட்டுக்கடா மாதிரிக் கத்துவான்.

ஜூன் 11, புதன்

கோர்ட்டிலிருந்து நன்னடத்தை உத்தியோகத்தர் வந்தார். (இனி ந.உ. பேர் நீளம், கை வலிக்கிறது.) சிங்களப் பெண். தமிழ் ஓரளவு வரும். நல்ல மனுசி. மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்தார். தண்ணீர் கொடுத்தேன். இவர் ஒருத்தர் இத்தனை தோட்டத்துக்கும் இத்தனை ஊருக்கும்.

லெட்சுமி வீட்டைப் பார்த்தார். சரவணன் இல்லை, வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீடுகளில் விசாரித்தார். ஒவ்வொருத்தரும் ஒரே பாட்டு. நல்ல பையன் மிஸ், தெரியாமச் செஞ்சிட்டான் மிஸ், மன்னிக்கச் சொல்லுங்க மிஸ். ஒருத்தர் வாயிலும் சரவணன் பேர் வரவில்லை. கட்டுக்கோப்பு என்றால் இதுதான். சம்பளப் போராட்டத்தில் இதில் பாதி காட்டியிருக்கலாம்.

நான் சொன்னேன். காம்பராவுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து வழக்கத்தையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், புள்ள பொலிசுக்குச் சொன்னது நாந்தான்னு. எங்கிட்ட சொன்னது நாந்தான்னு. கடைக்காரரு சொன்னது அந்தப் புள்ளதான்னு. நான் என்ன எழுதுறது?"

"அண்ணன்காரன் வந்து சொன்னா?"

"சொன்னா வேற. சொல்லுவாரா?"

தண்ணீர்க் கோப்பையை மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு ஒரு கூத்து. பீங்கான் கோப்பை உடைந்தது. யாரடா என்றேன். அஸ்வின், ஹரிணி, எல்லாரும் சேர்ந்து குட்டி யாழினியைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். "பாப்பாதான் டீச்சர்." யாழினிக்கு இன்னும் வாய் திறந்து பேச வராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. வழக்கமாகச் சிரித்துவிட்டு விடுவேன். சின்னது என்றால் நான் அடிக்க மாட்டேன் என்று அதுகளுக்குத் தெரியும்.

இன்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாம் ஒன்றாக அழத் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிச் சமாதானம் பண்ணி, சீனி போட்டுப் பால் கொடுத்து. என்ன பிழைப்பு.

ஜூன் 14, சனி

நிசாவைப் பார்க்கப் போனேன். பஸ் மாறி மாறி. கொண்டுபோனவை: சோப்பு, பிரஷ், உள் உடுப்பு, மீன் வைத்த மாலு பணிஸ், நான் இருக்கிற அண்ணன் வீட்டில் அண்ணி பொரித்த கடலை. கடலையை உள்ளே விடவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. வாசலில் நின்ற கார்ட் சாப்பிட்டிருப்பான், வயிறு வலிக்கட்டும்.

தலை மொட்டை. காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இருந்தாலும் சிரிப்பு.

உள்ளே தமிழ் பேசுகிற பையன் இன்னொருத்தன்தானாம், வெலிமடைப் பக்கம். மற்றதெல்லாம் சிங்களம். "கூப்புட்டா பேரச் சொல்லிக் கூப்புடுறதில்ல டீச்சர், தெமல மல்லிங்கறாங்க, தமிழ்த் தம்பின்னு." அடிக்கிறார்களா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துவிட்டு, "சோறு நல்லா குடுக்குறாங்க," என்றான்.

நான் மெதுவாகச் சொன்னேன். கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடு, நீ சாக்குத் தூக்கினாய், அவ்வளவுதானே, அதை மட்டும் சொல்லு.

முகம் மாறிவிட்டது.

"அண்ணன் பேர வெட்டிருவாங்க டீச்சர்."

"வெட்டட்டும்டா."

"வீடு போயிரும். அம்மா வந்தா எங்க இருக்கும்?" பிறகு, "நீங்க ஏதும் சொன்னீங்கன்னா, டீச்சர் பொய் சொல்றாங்கன்னு நானே சொல்லிருவேன்."

பதினைந்து வயசு. இரண்டு நாள் முந்தி மீசை வந்தவன். என்னைப் பார்த்து விரலை நீட்டிப் பேசுகிறான். அறையலாம் போல இருந்தது, கட்டிப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பணிஸைப் பிட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

சரவணனைப் பிடித்தேன். ஃபெக்டரி விட்டு வரும் வழியில், தண்ணிப் பீலி கிட்டே. ஓடப் பார்த்தான். சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டேன். இவனும் என் காம்பராவில் மூத்திரம் போனவன்தான், எனக்கென்ன வெட்கம்.

எல்லாம் பேசினேன். மொட்டைத் தலையைச் சொன்னேன். தெமல மல்லி என்று கூப்பிடுவதைச் சொன்னேன். வாய்க்கு வந்ததெல்லாம். அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகம். பெரிய ஆம்பிளை, ஏங்கி ஏங்கி அழுகை.

"நான் அத நெனச்சி செய்யல டீச்சர். தொரை விட்டுருவாருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

"பதினெட்டாந் தேதி கோர்ட்டுக்கு வா. தம்பிய பொறுப்பெடு. நடந்ததச் சொல்லு."

"சொல்லிடுறேன் டீச்சர். சத்தியமா வந்து சொல்லிடுறேன்."

மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினான். நம்பினேன். பல்லுக்குக்கூட இன்று வலி குறைவு.

ஜூன் 18, புதன்

வரவில்லை.

முதல் பஸ்ஸில் நானும் தலைவரும். சரவணன் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னானாம். கோர்ட் வாசலில் நின்றோம். வெயில், புழுதி, வடை விற்கிறவன், கறுப்புக் கோட்டுகள். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். போன் அடித்தால், நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை. அந்தப் பொம்பிளையின் குரலை இனிமேல் கேட்டால் எனக்கு வாந்தி வரும்.

நிசாவைப் பின்பக்கத்தால் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் அண்ணனைத் தேடினான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி தேடினான்.

பொறுப்பெடுக்க ஆள் இல்லை. ஜூலை 2க்குத் தவணை. அதற்குள் ந.உ. முழு அறிக்கை.

பல் பிடுங்கலாம் என்று நினைத்து வந்தது. ஆஸ்பத்திரி கோர்ட்டுக்குப் பக்கத்தில்தான். போக மனமில்லை.

ஜூன் 19, வியாழன்

கொழும்புக்குப் போய்விட்டான். கூட்டாளி ஒருத்தனுக்கு அங்கே ஹோட்டலில் வேலையாம், அவனோடு. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல்.

அண்ணி சோறு போடும்போது சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அவன் போயி கையெழுத்தாச்சும் வச்சிருப்பான். ஒத்துக்க ஒத்துக்கன்னு வெரட்டுனா எவன் நிப்பான்?"

அண்ணி கெட்டவள் இல்லை. சொன்னது சரியும்கூட. கையெழுத்து மட்டும் கேட்டிருந்தால் வந்திருப்பான். பிள்ளை இப்போது வீட்டில் இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, பிள்ளையும் வேண்டும், உண்மையும் வேண்டும். இரண்டும் போச்சு.

ஜூன் 24, செவ்வாய்

ந.உ. போன் பண்ணினார். நானே பொறுப்பெடுக்கலாமா என்று கேட்டேன். இரத்த உறவு இல்லாவிட்டாலும், நிலையான வீடு இருந்து, இருக்கிற இடத்துக்காரர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், கேட்டுப் பார்க்கலாமாம். கேட்டுப் பார்க்கலாம். அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முதலில் என் அண்ணன். தலையைச் சொறிந்தார். சரி என்றார். அண்ணியும் சரி என்றாள். பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு என்று இழுத்துவிட்டு, "கொண்டுட்டு வா, நாம சாப்புடுறதத் தின்னுட்டுக் கெடக்கட்டும்," என்றாள். அண்ணியைப் பற்றிப் போன பக்கத்தில் எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிறகு தொரை. ஆபிஸ் வராந்தாவில் நின்றேன். உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார், அதைச் சொல்ல வேண்டும். மேசையில் பிள்ளையோடு எடுத்த படம்.

ஆங்கிலமும் சிங்களமும் துண்டுத் தமிழும் கலந்து சொன்னார். டீச்சர், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தோட்டத்துச் சாமான் களவு போன கேஸ். களவெடுத்த பிள்ளையைத் தோட்டத்து வீட்டில் வைக்க ஆட்சேபம் இல்லை என்று தோட்டமே எப்படி எழுதும்? கம்பனி என்னைக் கேட்கும்.

"அவன் களவெடுக்கல சேர்."

"அப்ப ஏன் என்கிட்ட வந்து நான்தான் என்று சொன்னது?"

உங்களை அவர்கள் பழைய தொரை என்று நினைத்துவிட்டார்கள் சேர் என்றா சொல்வது?

அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு. அதிபர் தேத்தண்ணி தந்தார். நிசா திரும்பி வந்தால் சேர்ப்பீர்களா என்றேன். பெற்றோர் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டுமாம். "கெட்டிக்காரன், கணக்குல எண்பதுக்குக் கொறையாது," என்று தானே சொல்லிக்கொண்டார், செத்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

ஜூலை 2, புதன்

எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சின்னப் பிள்ளைகளின் கேஸ் என்பதால் நீதவானின் அறைக்குள் எடுத்தார்கள். ந.உ. சொல்லி என்னையும் உள்ளே விட்டார்கள். நீதவான், மொழிபெயர்ப்பாளர், ந.உ., பொலிஸ் ஒருத்தர், இலவசமாக வந்த சட்டத்தரணி ஒருத்தர். அவர் நிசாவின் பேரை அப்போதுதான் வாசித்தார்.

நீதவான் கடுமையானவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை நீ தனியாகச் செய்தாயா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டார். அதை நான் மறுக்க மாட்டேன்.

நிசா நிமிர்ந்து நின்றான்.

"ஆமாங்க தொரை. நாந்தாங்க. தெரியாம செஞ்சிட்டேங்க. மன்னிச்சுக்கங்க தொரை."

சொல்லிவிட்டு இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினான். அந்த அறைக்குள். மேசைக்கு முன்னால். ஒன்று, இரண்டு. பொலிஸ்காரர் தோளைப் பிடித்துத் தூக்கினார். யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். மொழிபெயர்ப்பாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிவிட்டேன். "ஐயா, அவன் செய்யல. அவன் சாக்குத்தான் தூக்கினான்."

நீதவான் என்னைப் பார்த்தார். நீங்கள் நேரில் பார்த்தீர்களா?

"பாக்கல ஐயா. தோட்டத்துக்கே தெரியும்."

தோட்டத்திலிருந்து வேறு யாராவது சொல்ல வந்திருக்கிறார்களா?

வெளியே தலைவர் இருந்தார், மரத்தடியில். கூப்பிட்டார்கள். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பையன் நல்ல பையங்க. வேற ஒண்ணும் தெரியாதுங்க." அவருக்குச் சங்கம் இருக்கிறது. தானே சொல்லிக் கொடுத்துவிட்டு எப்படிச் சொல்வார்.

நிசா சொன்னபடியே செய்தான். "டீச்சர் பொய் சொல்றாங்க. எம்மேல உள்ள பாசத்துல சொல்றாங்க."

பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் வளர்த்தேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார். நீதவான் தலையாட்டினார், அதை எழுதவில்லை.

தாய் வெளிநாடு. தகப்பன் இல்லை. அண்ணன் தலைமறைவு. வீடு பூட்டு. தோட்டம் கடிதம் தரவில்லை. ந.உ. இதைத்தான் அறிக்கையில் வாசித்தார். மூன்று வருடம், சான்றுபெற்ற பாடசாலை, அரசாங்கச் சீர்திருத்தப் பள்ளி. தண்டனை இல்லை, பாதுகாப்புத்தான், அங்கே தொழில் படிக்கலாம் என்று நீதவான் நிசாவுக்கு விளக்கினார். நல்ல மாதிரித்தான் சொன்னார். எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

வெளியே வந்து ந.உ. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அடுத்த கேஸ் கூப்பிட்டார்கள். போனார்.

பஸ்ஸில் தலைவர் என் பக்கத்தில் உட்கார வந்தார். பையை எடுத்துச் சீட்டில் வைத்தேன். பசறை வரை நின்றுகொண்டே வந்தார்.

ஜூலை 5, சனி

பல் பிடுங்கியாகிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. பஞ்சு.

ஜூலை 12, சனி

லெட்சுமி வீட்டுக்கு ஆபிசிலிருந்து புதுப் பூட்டு. செக்ரோலில் அந்த வீட்டுக்குப் பேர் இல்லை. சரவணன் வேலைக்கு வராததால் அவர்களே பேரை எடுத்துவிட்டார்கள். யாரும் வெட்டத் தேவையிருக்கவில்லை. மாசக் கடைசியில் வேறு குடும்பம் வரும்.

பூட்டுமுன் சாமான் எடுக்கச் சொன்னார்கள். பாத்திரம், லெட்சுமியின் சேலைகள், சாமிப் படம், நிசாவின் பள்ளிக்கூடப் பை, ரப்பர் பந்து, மட்டை. எல்லாவற்றையும் பிள்ளைக் காம்பராவின் பின் அறையில் வைத்தேன். அஸ்வின் அதற்குள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிடுங்கினேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

லெட்சுமிக்கு இன்னும் சொல்லவில்லை. குளியலறையில் நின்றுகொண்டு இதை எப்படிக் கேட்பாள்.

தகரத்துக்கு ஆணி அடிக்க இன்று ஆள் வந்தது. அதிசயம்.

ஜூலை 20, ஞாயிறு

காற்று கூடுதல். தவறணைக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. கன்றில் பாதி போச்சு.

பகல் ஒரு புது நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஆட்டுக்கடாக் குரல்.

"டீச்சர், நான் நிசாந்தன். இங்க உள்ள சேர் போன்ல பேசுறேன். சுருக்கா பேசச் சொன்னாங்க."

"சாப்டியாடா?"

"சாப்டேன். தச்சு வேல பழகுறேன். மேச ஒண்ணு செஞ்சேன், ஒரு கால் கட்டை." சிரித்தான். பிறகு குரலை இறக்கினான். பக்கத்தில் ஆள் நிற்கிறது போல.

"டீச்சர், அண்ணன் பேர வெட்டலதானே?"

பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றேன். எதிரே லயம் தெரிந்தது, அந்தப் பூட்டும் தெரிந்தது.

"வெட்டலடா."

"வீடு?"

"இருக்கு."

"அப்ப சரி டீச்சர்," என்றான்.